மிடி கோப்பில் கட்டை மாற்றினால் டிரம்ஸ் ஏன் கெட்டுப்போகிறது?

அரைக்கட்டை | 2024 பிப்ரவரி 11, காலை

ஒரு பாட்டின் மிடி கோப்பு (ஒலி இல்லாமல், எந்த வாத்தியம் எந்தச் சுரத்தை எப்போது வாசிக்கணும் என்ற குறிப்பு மட்டும் இருக்கும் கோப்பு) 5½ கட்டை சுருதியில் இருக்கு. பாடப்போகிறவருக்கு 1½ கட்டைதான் வசதி. 4 கட்டை வித்தியாசம், அப்போ 8 செமிடோன் (அரைச்சுரம்) என்று கணக்குப் போட்டு, இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றியில் மைனஸ் 8 கொடுத்தேன். வந்த கோப்பில் டிரம்ஸ் அலங்கோலம், சிதார் இருந்த இடத்தில் வேறு ஏதோ கம்பி வாத்தியம், சுருதியும் பாடகருக்கு ஒட்டவில்லை. இதை பென் டிரைவில் போட்டு யமஹா கீபோர்டில் ஓட்டணும், பாடிப் பழக ஒரு எம்பி3 வேணும், முடிந்தால் தமிழில் வரிகளும் ஓடணும். எல்லாத்தையும் ஒரே சொடுக்கில் செய்யும் மென்பொருள் எது?

சேனல்பத்து | 2024 பிப்ரவரி 11, மதியம்

ஒரே சொடுக்கு கிடையாது. நீங்கள் கேட்பது மூன்று வெவ்வேறு கோப்புகள். கீபோர்டுக்குப் போகும் கோப்பில் இருக்க வேண்டியது எம்பி3-க்குத் தேவையில்லை. எம்பி3-க்கு நல்லதாக இருப்பது கீபோர்டைத் திணறடிக்கும். மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போங்கள்.

முதலில் கட்டைக் கணக்கு. 3 கட்டைக்கும் 4 கட்டைக்கும் நடுவில் 3½ என்று ஒன்று இல்லை; ஈ-யும் எஃப்-ம் பக்கத்துப் பக்கத்து வெள்ளைக் கட்டைகள், இடையில் கறுப்பு இல்லை. அதனால் 'கட்டை வித்தியாசம் × 2' என்ற கணக்கு 3-ஐயும் 4-ஐயும் தாண்டும்போதெல்லாம் ஒன்று கூடிவிடும். 5½ என்பது ஜி ஷார்ப், 1½ என்பது சி ஷார்ப். கீழே இறங்க 7, மேலே ஏற 5. நீங்கள் 8 இறக்கியதால் பாட்டு 1 கட்டையில் நிற்கிறது.

அடுத்து டிரம்ஸ். ஜெனரல் மிடி (எல்லாக் கருவிக்கும் பொதுவான வாத்திய எண் ஒழுங்கு) முறையில் 10-வது சேனலில் நோட் எண் சுரத்தைக் குறிப்பதில்லை, எந்த வாத்தியம் என்பதைக் குறிக்கிறது. 36 பேஸ் டிரம், 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹாட், 46 திறந்த ஹை-ஹாட், 49 க்ராஷ், 51 ரைடு. எல்லாவற்றிலும் 8 கழித்தால் 46 போய் 38 ஆகும்: ஹை-ஹாட் திறக்கும் இடத்தில் ஸ்னேர் அடிக்கும். க்ராஷ் 41 ஆகி ஃப்ளோர் டாம் ஆகிவிடும். பேஸ் டிரம் 28-க்குப் போய்விடும். ஜெனரல் மிடி டிரம் பட்டியல் 35-இல் தொடங்கி 81-இல் முடிவதால் 28-இல் என்ன கேட்கும் என்பது அந்தந்தக் கருவியின் விருப்பம். கட்டை மாற்றும்போது 10-வது சேனலை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

சேனல்பத்து | 2024 பிப்ரவரி 11, இரவு

சிதாரை மறந்துவிட்டேன். அது இப்போது பேன்ஜோவாக ஒலிக்கிறதா என்று பாருங்கள். ஜெனரல் மிடி பட்டியலில் சிதார் 105, பேன்ஜோ 106. ஆனால் கோப்புக்குள் எண்கள் 0-இல் தொடங்கும், அதாவது சிதார் உள்ளே 104 என்று எழுதப்பட்டிருக்கும். சில மென்பொருள்கள் 1 முதல் 128 வரை காட்டும், சில 0 முதல் 127 வரை. 0-இலிருந்து எண்ணும் இடத்தில் 105 என்று கொடுத்தால் பேன்ஜோதான் வரும். எல்லா வாத்தியமும் ஒரு படி தள்ளி ஒலித்தால் வேறு காரணம் தேடவே வேண்டாம்.

சுரத்தின் பெயரிலும் இதே கூத்து உண்டு. நோட் 60, அதாவது நடு சி, யமஹாவில் சி3, ரோலாண்டில் சி4, எஃப்எல் ஸ்டூடியோவில் சி5. யாராவது 'சி3-க்குக் கீழே எல்லாம் பேஸ்' என்று எழுதியிருந்தால் எந்த மென்பொருளை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். நோட் எண்ணாகவே பேசினால் சண்டை வராது.

திஸ்ரம் | 2024 பிப்ரவரி 12

10-வது சேனல் மட்டும்தான் டிரம்ஸ் என்பது முழுக்கச் சரியில்லை. யமஹா எக்ஸ்ஜி (ஜெனரல் மிடியை யமஹா விரிவாக்கிய முறை) கோப்பில் எந்தச் சேனலிலும் பேங்க் எம்எஸ்பி (குரல் தொகுதியைத் தேர்ந்தெடுக்கும் எண்ணின் முதல் பாதி) 127 கொடுத்தால் அது டிரம் கிட் ஆகிவிடும். ஜெனரல் மிடி 2-இல் அதே வேலையை 120 செய்கிறது. டிரம்ஸை 9-லும் 10-லுமாகப் பிரித்து வைத்த கோப்புகள் நிறைய.

சேனல்பத்து | 2024 பிப்ரவரி 12

ஆமாம், இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோப்பிலுள்ள செய்திகளை வரிசையாகக் காட்டும் நிகழ்வுப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு சேனலின் தொடக்கத்திலும் சிசி 0-க்கு (கட்டுப்பாட்டுச் செய்தி எண் 0, பேங்க் எம்எஸ்பி அதுதான்) எதிரே என்ன எண் என்று பார்த்தால் ஒரு நிமிட வேலை. விண்டோஸில் சேகைஜூ என்ற இலவச ஜப்பானிய எடிட்டர் இந்தப் பட்டியலைத் தெளிவாகக் காட்டும். லினக்ஸ்காரர்களுக்கு ரோஸ்கார்டன். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளிலும் பட்டியல் பார்வை உண்டு.

பேஸ் ட்ராக்கை மட்டும் 7 இறக்காமல் 5 ஏற்றிப் பாருங்கள். சுரம் அதேதான், ஒரு ஸ்தாயி மேலே இருக்கும். பேஸ் கிட்டாரின் அடிச்சுரம் 28. அதிலிருந்து 7 இறக்கினால் 21. சின்ன ஸ்பீக்கரில் அது காற்றாகத்தான் வரும்.

அரைக்கட்டை | 2024 பிப்ரவரி 13

மைனஸ் 7, டிரம்ஸ் நீங்கலாக, பேஸ் பிளஸ் 5. பாட்டு பாட்டாக வந்துவிட்டது, நன்றி அண்ணே. இப்போ வேகம் குறைக்கணும். டெம்போவை 120-இலிருந்து 100 ஆக்கினேன். பல்லவி சரி, சரணத்தில் திடீரென்று பழைய வேகத்துக்கே ஓடுகிறது.

சேனல்பத்து | 2024 பிப்ரவரி 13

கோப்பில் டெம்போ நிகழ்வு ஒன்றுக்கு மேல் இருக்கிறது. முதலாவதை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் மாற்ற வேண்டும்.

கோப்புக்குள் 120 என்று எங்கும் எழுதியிருக்காது. ஒரு கால் நோட்டுக்கு எத்தனை மைக்ரோ செகண்டு என்பதுதான் இருக்கும்: 120-க்கு 5,00,000, 100-க்கு 6,00,000, 90-க்கு 6,66,667. டெம்போ நிகழ்வே இல்லாத கோப்பு 120-இல் ஓடும். அதனால் இரண்டு கோப்புகளை ஒட்டும்போது ஒன்றில் டெம்போ இல்லையென்றால், பின்னால் வருவது முன்னதன் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எண்ணிக்கை எப்போதும் கால் நோட்டில்தான். 6/8 பாட்டில் காலால் தட்டுகிற அடி நிமிடத்துக்கு 80 என்றால் மிடியில் 120 கொடுக்க வேண்டும், ஏனென்றால் ஒரு தட்டு ஒன்றரைக் கால் நோட்டு. 80 என்றே போட்டுவிட்டு பாட்டு இழுக்கிறது என்று வருந்துகிறவர்கள் உண்டு.

நிறைய டெம்போ நிகழ்வு இருந்தால் மிடிசிஎஸ்வி என்ற கட்டளை வரிக் கருவி உதவும். ஜான் வாக்கர் எழுதியது. மிடியை காற்புள்ளியிட்ட உரைக் கோப்பாக்கித் தரும், விரிதாளில் திறந்து டெம்போ வரிகளை மட்டும் 1.2-ஆல் பெருக்கி, உடன் வரும் இன்னொரு கருவியால் மறுபடி மிடியாக்கிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: ட்ராக்குக்குள் நேர வரிசை கலையக்கூடாது. விரிதாளில் தெரியாமல் அகரவரிசைப்படுத்தினால் கோப்பு திரும்பி வராது.

சேனல்பத்து | 2024 பிப்ரவரி 15

இனி கீபோர்டு. மிடி கோப்பில் டைப் 0, டைப் 1 என்று இரண்டு முக்கிய வகை. டைப் 0-இல் எல்லாச் சேனலும் ஒரே ட்ராக்கில். டைப் 1-இல் ட்ராக் தனித்தனி, டெம்போ எல்லாம் முதல் ட்ராக்கில். டைப் 2 இருக்கிறது, கண்ணில் படாது. இன்றைய பெரிய கீபோர்டுகள் 0, 1 இரண்டையும் படிக்கும். சின்னதும் பழையதும் டைப் 0-ஐ மட்டும் கேட்கும். பென் டிரைவுக்கு டைப் 0 வைப்பது பாதுகாப்பு.

டைப் 1-ஐ 0 ஆக்கும்போது வழக்கமாகக் கெடுவது இவை.

ஒரே சேனலை இரண்டு ட்ராக் பயன்படுத்தியிருந்தால், இரண்டிலும் ஒரே சுரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இடத்தில் முதலாவதின் நோட் ஆஃப் (சுரத்தை நிறுத்தும் செய்தி) இரண்டாவதையும் நிறுத்திவிடும். சேர்ப்பதற்கு முன் ஒன்றை வேறு சேனலுக்கு மாற்றுங்கள்.

ஒரே டிக்கில் (டிக் என்பது கோப்பின் நேர அலகு) நிற்கும் நிகழ்வுகளின் வரிசை. பேங்க் எம்எஸ்பி, பேங்க் எல்எஸ்பி (பேங்க் எண்ணின் இரண்டாம் பாதி), ப்ரோக்ராம் (வாத்திய எண்), அப்புறம்தான் நோட். ப்ரோக்ராமுக்குப் பின்னால் பேங்க் போய் விழுந்தால் தப்பான குரல் வரும். அதேபோல ஒரே சுரம் அடுத்தடுத்து வரும்போது பழைய சுரத்தின் ஆஃப் முன்னால், புதியதின் ஆன் பின்னால் இருக்க வேண்டும். வெலாசிட்டி (கட்டையை அழுத்தும் வேகம்) 0 உள்ள நோட் ஆன் என்பதும் நோட் ஆஃப்தான். பட்டியலில் அதைப் பார்த்து 'ஒலியில்லாத சுரம்' என்று அழித்துவிடாதீர்கள், சுரம் நிற்காமல் ஊதிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, தொடக்க நெரிசல். தனியாக எழுதுகிறேன், கணக்கு வேண்டியிருக்கிறது.

சேனல்பத்து | 2024 பிப்ரவரி 15, சற்று நேரம் கழித்து

பழைய ஐந்து முள் மிடி கேபிளின் வேகம் செகண்டுக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு 10 பிட் பிடிக்கும், ஆக 3,125 பைட். மூன்று பைட் செய்தி ஒன்று போய்ச்சேர ஏறக்குறைய 1 மில்லி செகண்டு. 16 சேனலுக்கும் வால்யூம், பேன், ரிவெர்ப், பெண்ட் (சுரத்தை வளைக்கும்) வரம்பு என்று தலா பத்து செய்தி 0-வது டிக்கிலேயே குவிந்திருந்தால் 150 மில்லி செகண்டுக்கு மேல். முதல் அடியின் டிரம்ஸும் அதே டிக்கில் இருந்தால் அது வரிசையில் கடைசியாக நின்று தாமதமாக விழும்.

இதற்கு மேல், ஜிஎம் (ஜெனரல் மிடி) ரீசெட் அல்லது எக்ஸ்ஜி ரீசெட் செய்தி வந்தால் கருவி தன்னைத் துடைத்துக்கொள்ள நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் வரும் செய்திகள் தொலைந்துபோகலாம். அதனால் பாட்டுக்கு முன் ஒரு வெற்றுத் தாள ஆவர்த்தம் விடுங்கள். 120 டெம்போவில் 4/4-க்கு 2 செகண்டு கிடைக்கும். முதல் அடியில் ரீசெட் மட்டும். இரண்டாம் அடியிலிருந்து பேங்க், ப்ரோக்ராம், வால்யூம். சேனலுக்குச் சேனல் சில டிக் தள்ளி வையுங்கள்.

திஸ்ரம் | 2024 பிப்ரவரி 16

பென் டிரைவிலிருந்து ஓடும்போது கேபிளே இல்லையே?

சேனல்பத்து | 2024 பிப்ரவரி 16

கேபிள் நெரிசல் இல்லை, சரி. யுஎஸ்பி வழியிலும் அது பெரிய விஷயமில்லை. ரீசெட்டுக்கான நேரம் மட்டும் எல்லா வழியிலும் பொருந்தும். வெற்று ஆவர்த்தத்தை எடுத்துவிட வேண்டாம்; வேண்டுமானால் அதில் குச்சித் தட்டு நாலு வையுங்கள், பாடுகிறவருக்கும் எடுப்பு கிடைக்கும்.

அரைக்கட்டை | 2024 பிப்ரவரி 18

ஓடுது. ஆனால் நண்பர் வீட்டுக் கீபோர்டில் பதிந்த ஒரு மிடி, என் கீபோர்டில் வேறு குரலில் வருது. கூடவே அவர் ஒரு ஸ்டைல் கோப்பும் (கார்டு பிடித்தால் கீபோர்டே வாசிக்கும் பின்னணி) கொடுத்தார். கணினியில் திறந்து டிரம்ஸை மட்டும் திருத்திச் சேமித்தேன், இப்போ கீபோர்டில் கார்டு பிடித்தால் ஒழுங்காக மாறவில்லை.

சேனல்பத்து | 2024 பிப்ரவரி 18

இரண்டு தனி நோய்கள்.

குரல்: யமஹாவின் பேனல் குரல்கள் பேங்க் எல்எஸ்பி 112 முதலான எண்களில் இருக்கின்றன, மாடலுக்கு மாடல் மாறும். இந்தியாவுக்கென்று வரும் பிஎஸ்ஆர்-ஐ வரிசையின் குரல்களைக் கூப்பிடும் கோப்பு மற்ற மாடலில் வேறெங்கோ போய் விழும். யாருக்கும் கொடுக்கிற கோப்பு என்றால் பேங்க் 0, 0 வைத்து ஜெனரல் மிடி குரலுக்கு மாற்றிக் கொடுங்கள். நாதஸ்வரம், வீணை, மிருதங்கம் எதுவும் ஜெனரல் மிடியில் இல்லை. நாதஸ்வரத்துக்கு 112 ஷெனாய் ஒப்பேற்றும், ஆனால் தவில் இல்லாத குறையை டாம் டிரம் வைத்து நிரப்பப் பார்க்காதீர்கள், கேட்கச் சகிக்காது.

ஸ்டைல்: அந்தக் கோப்பின் முன்பாதி சாதாரண டைப் 0 மிடி. அதன் பின்னால் காஸம் என்ற பகுதி ஒட்டியிருக்கும். எந்தச் சேனல் கார்டுக்கு ஏற்ப எப்படி மாற வேண்டும் என்ற விதிகள் அதில்தான். சாதாரண மிடி எடிட்டர் முன்பாதியை மட்டும் படித்து, சேமிக்கும்போது பின்பாதியை வெட்டிவிடும். ஒன் டச் அமைப்புகளும் அதோடு போகும். மூலக் கோப்பிலிருந்து காஸத்தைத் திரும்ப ஒட்டித்தரும் யமஹா ஸ்டைல் கருவிகள் இருக்கின்றன. இல்லையென்றால் கீபோர்டின் ஸ்டைல் க்ரியேட்டரிலேயே திருத்துங்கள். 'மெயின் ஏ', 'இன்ட்ரோ ஏ' என்று உள்ளே இருக்கும் மார்க்கர்களின் எழுத்து, இடைவெளி எதையும் தொடக்கூடாது. 9, 10 சேனல்கள் தாளம், 11 பேஸ், 12 முதல் 16 வரை கார்டு, பேட், ஃப்ரேஸ்.

திஸ்ரம் | 2024 பிப்ரவரி 25

தலைப்பிலிருந்து விலகுகிறேன், மன்னிக்கவும். கண்ட (அடிக்கு 5), மிஸ்ர (அடிக்கு 7) நடைச் சொற்கட்டுகளை மிடியில் எழுதினால் குவாண்டைஸ் (சுரங்களைச் சீரான நேரத்துக்கு இழுக்கும் வசதி) எல்லாவற்றையும் நாலின் மடங்குக்கு இழுத்துவிடுகிறது. டிக் எண்ணிக்கை எவ்வளவு வைப்பது?

சேனல்பத்து | 2024 பிப்ரவரி 25

நல்ல விலகல். கோப்பின் தலையில் ஒரு கால் நோட்டுக்கு எத்தனை டிக் என்று ஓர் எண் இருக்கும். 96, 192, 384, 480, 960 வழக்கம். யமஹா கோப்புகளில் 1920. 96-ஐ 5-ஆல் வகுக்க முடியாது. 480-ஐ 5-ஆல் வகுத்தால் 96, கண்டம் சுத்தம். 7-ஆல் வகுத்தால் 68.57, மிஸ்ரம் பிசகும். 960, 1920-க்கும் இதே கதி. 840 வைத்தால் சதுஸ்ரம் 210, திஸ்ரம் 280, கண்டம் 168, மிஸ்ரம் 120. சங்கீர்ணமும் வேண்டுமென்றால் 2520. 9-ஆல் வகுக்க 280. ரீப்பரில் புதிய மிடிக்கான டிக் எண்ணிக்கையை அமைப்புகளில் நாமே கொடுக்கலாம்.

இருக்கிற கோப்பின் தலையில் அந்த எண்ணை மட்டும் மாற்றிவிடாதீர்கள். 480-ஐ 96 என்று எழுதினால் பாட்டு ஐந்து மடங்கு மெதுவாக ஓடும். எல்லா நேரங்களையும் கூடவே விகிதப்படுத்த வேண்டும்.

சேனல்பத்து | 2024 பிப்ரவரி 26

யோசித்துப் பார்த்தால், காதுக்கு 480-ஏ போதும். 120 டெம்போவில் ஒரு டிக் 1.04 மில்லி செகண்டு. அரை டிக் பிசகு யாருக்கும் கேட்காது. ஆனால் 68.57-ஐ 69 என்று முழுமையாக்கி ஏழு முறை கூட்டினால் 483 ஆகிவிடும், அடிக்கு 3 டிக் நகரும். அடியின் தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் இடத்தையும் தனியாகக் கணக்கிட்டு முழுமையாக்குங்கள்: 0, 69, 137, 206, 274, 343, 411. அடுத்த அடி சரியாக 480-இல் விழும்.

840 வேண்டியிருப்பது தாளில் எழுத்தாக மாற்றும்போது. மியூஸ்ஸ்கோர் 3 என்ற இசைத்தாள் மென்பொருளில் மிடியைத் திறந்தால் கீழே ஓர் இறக்குமதிப் பலகை வரும். அதில் 3, 5, 7, 9 தொகுதிகளைத் தேட அனுமதி கொடுக்க வேண்டும். தேவையில்லாததை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாதாரண சதுஸ்ரத்திலும் அது மிஸ்ரம் கண்டுபிடிக்கும்! கையால் வாசித்த பதிவு என்றால் 'மனித வாசிப்பு' குறியையும் போடுங்கள். பெண்ட் நிகழ்வுகள் இந்த வழியில் தொலைந்துபோகும். கமகம் தாளுக்கு வராது.

அரைக்கட்டை | 2024 பிப்ரவரி 27

கமகம் மிடியில் வருமா முதலில்?

சேனல்பத்து | 2024 பிப்ரவரி 27

வரும், கை வலிக்கும். பெண்ட் மதிப்பு 0 முதல் 16,383 வரை, நடு 8,192. வழக்கமான வரம்பு மேலே 2, கீழே 2 செமிடோன். ஸ-விலிருந்து ப வரை ஜாருவுக்கு (வழுக்கிப் போகும் கமகம்) 7 செமிடோன் வேண்டும், அதனால் வரம்பை 12 ஆக்குங்கள்: சிசி 101 = 0, சிசி 100 = 0, சிசி 6 = 12, சிசி 38 = 0, பிறகு 101, 100 இரண்டையும் 127 ஆக்கிப் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் பின்னால் எங்காவது வரும் சிசி 6 வரம்பைக் குலைக்கும். 12-இல் ஒரு செமிடோனுக்கு சுமார் 683 படி. நுண்மைக்கு ஏராளம்.

பெண்ட் ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரத்தையும் சேர்த்தே இழுக்கும். கமகம் போகும் சேனலில் வேறு கார்டு வைக்கக்கூடாது. 5 முதல் 10 மில்லி செகண்டுக்கு ஒரு பெண்ட் போதும், அதற்கு மேல் அடர்த்தி வீண். சுரம் முடிந்ததும் 8,192-க்குத் திரும்பி வாருங்கள். கட்டை மாற்றும்போது பெண்டைத் தொடத் தேவையில்லை, அது சுரத்தைச் சார்ந்தது.

சேனல்பத்து | 2024 மார்ச் 3

எம்பி3 பாக்கி. மிடியில் ஒலி இல்லை. ஒலி சவுண்ட்ஃபாண்டிலிருந்து (வாத்திய ஒலி மாதிரிகள் அடங்கிய கோப்பு) வர வேண்டும். எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி, ஒளிக் கோப்பு மாற்றி தனியாக மிடியைப் படிக்காது. ஃப்ளூயிட்சின்த் என்ற கட்டளை வரிக் கருவி வைத்து முதலில் வேவ், அப்புறம் எம்பி3. கட்டளையில் விருப்பங்களை எல்லாம் முன்னால் எழுதி, சவுண்ட்ஃபாண்ட், மிடி பெயர்களைக் கடைசியில் வையுங்கள். வரிசை மாறினால் சில கணினிகளில் விருப்பத்தைக் கண்டுகொள்ளாது. சவுண்ட்ஃபாண்டுகளில் ஜெனரல்யூசர் ஜிஎஸ் சின்னது, சமநிலையானது. ஃப்ளூயிட்ஆர்3 பெரியது, பியானோ நன்றாக இருக்கும்.

ஒலி சன்னமாக வந்தால் பயப்படாதீர்கள், தொடக்க அளவே 0.2 தான். 0.5 வரை ஏற்றி, வேவில் அலை உச்சி வெட்டுப்படுகிறதா என்று ஆடாசிட்டியில் பாருங்கள். முடிவில் எதிரொலி பொசுக்கென்று அறுந்தால், மிடியின் கடைசிச் சுரத்துக்குப் பின் 3 செகண்டு தள்ளி ட்ராக் முடிவைக் கொண்டுபோங்கள்.

தலைகீழாக, எம்பி3-யை மிடி ஆக்கலாமா என்று யாராவது கேட்பதற்குள்: ஸ்பாட்டிஃபை 2022-இல் வெளியிட்ட பேஸிக் பிட்ச் இலவசம். தனி வயலின், தனிக் குரலுக்கு உருப்படியாக வரும். முழு வாத்தியக் குழுவைக் கொடுத்தால் எல்லாம் ஒரே குவியலாக வரும், டிரம்ஸ் சத்தமும் சுரமாக மாறி நிற்கும். 50 மில்லி செகண்டுக்குக் குறைந்த சுரங்களை முதலில் களையுங்கள்.

அரைக்கட்டை | 2024 மார்ச் 10

தமிழ் வரிகள்?

சேனல்பத்து | 2024 மார்ச் 10

யமஹாவின் பெரிய மாடல்களில் வரிகளுக்கான மொழி அமைப்பில் இன்டர்நேஷனல், ஜாப்பனீஸ் என்றுதான் இருக்கும். கீபோர்டுக்குப் போகும் கோப்பில் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுங்கள். கணினியில் கரோக்கி ஓட்ட மட்டும் யூடிஎஃப்-8 தமிழ்.

பைத்தானின் மைடோ நூலகத்தில் எழுத்துக் குறியீடு லத்தீன்-1 என்று தொடங்கும். தமிழ் கொடுத்தவுடன் பிழை எறியும். கோப்பைத் திறக்கும்போதே யூடிஎஃப்-8 என்று சொல்லிவிடுங்கள். அசை பிரிக்கும்போது 'கொ'-வில் க வேறு, துணைக்குறி வேறு என்று நிரல் பிரித்துவிடும். திரையில் புள்ளிவட்டத்தோடு கொம்பு தனியே தொங்கும். எழுத்தாகப் பிரியுங்கள், யூனிகோடு குறியாகப் பிரிக்காதீர்கள். பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய வரிகள் என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கரோக்கி (.kar) நீட்சியுள்ள கோப்புகளில் வரி, லிரிக் நிகழ்வில் இருக்காது, உரை நிகழ்வில் இருக்கும். முன்சாய்கோடு புதுவரி, பின்சாய்கோடு புதுப்பக்கம். கீபோர்டு வரி காட்டவில்லை என்றால் உரை நிகழ்வை லிரிக் நிகழ்வாக மாற்றிப் பாருங்கள்.

திஸ்ரம் | 2024 மார்ச் 11

ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை நேரடியாகத் திருத்தும் மென்பொருள்) கையால் தமிழ் தலைப்பு போடுகிறவர்களுக்கு: நீளம் பைட்டில் எண்ணணும். ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், 'நீ' என்றால் 6. 42 குறி வரை நீளத்துக்கு ஒரு பைட் போதும். 43-வது வந்தால் 127 தாண்டி நீளமே இரண்டு பைட் ஆகிவிடும். ட்ராக் தலையில் இருக்கும் மொத்த நீளத்தையும் திருத்தணும்.

அரைக்கட்டை | 2024 மார்ச் 17

எல்லாம் ஆச்சு. கடைசியா ஒண்ணு: வேறொரு பழைய மிடி, எந்த மென்பொருளும் திறக்க மாட்டேங்குது. ஹெக்ஸில் பார்த்தால் தொடக்கத்திலேயே ஆர்ஐஎஃப்எஃப் என்று இருக்கு.

சேனல்பத்து | 2024 மார்ச் 17

அது ஆர்எம்ஐ கோப்பு (மிடியை ஓர் உறைக்குள் வைத்தது), பெயர் மட்டும் மிடி. உறையின் நீளம் 20 பைட். முதல் 20-ஐ வெட்டிவிட்டு, மிடி கோப்பின் தொடக்கக் குறியான எம்டிஹெச்டி என்ற நான்கெழுத்து முதலில் வருகிறதா என்று பார்த்து வேறு பெயரில் சேமியுங்கள்.